சிறுநீரக நோய் உள்ளவர் வறுத்த கொண்டைக்கடலை கொறிக்கலாமா? வீட்டில் எப்படிச் செய்வது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: அப்பாவுக்குச் சிறுநீரக நோய், 3-ஆம் நிலை. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கடைசி ரிப்போர்ட்டில் ரத்தப் பொட்டாசியம் 5.2, கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. சாயங்காலம் ஆனால் மொறுமொறுவென்று ஏதாவது கொறிக்கக் கேட்கிறார். கொண்டைக்கடலையை வீட்டிலேயே வறுத்துக் கொடுக்கலாமா? கடலை, பருப்பு எல்லாமே கிட்னிக்கு ஆகாது என்கிறார்களே?

கொடுக்கலாம். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பை எண்ணிப் போட்டு, அளந்து கொடுத்தால் பயப்படாமல் கொடுக்கலாம்.

சிறுநீரக நோயாளிகளுக்குச் சாப்பாட்டு அட்டவணை போட்டுக் கொடுப்பதுதான் பல வருடமாக என் வேலை. இந்தப் பலகாரத்தைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "ஓவனை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்?" என்பதைத்தான். மொறுமொறுப்புக்கு அது முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். கிட்னிக்கும் ஓவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கடலை ஓவனுக்குள் போவதற்கு முன்பே, ஊறவைத்த பாத்திரத்திலும் வேகவைத்த பாத்திரத்திலும் பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி உப்புக் கரண்டியிலும் பரிமாறும் கிண்ணத்திலும் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். வறுக்கும்போது கடலையிலிருந்து போவது தண்ணீர் மட்டும்தான். பொட்டாசியம் ஆவியாகாது, பாஸ்பரஸ் ஆவியாகாது, உப்பும் ஆவியாகாது. வேகவைத்த கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர். ஒருமுறை 100 கிராம் வெந்த கடலையை எடுத்து, கடித்தால் சத்தம் வரும் பதத்துக்கு வறுத்து, மறுபடி தராசில் வைத்தேன். 46 கிராம். பாத்திரத்தில் பாதியாகச் சுருங்கிவிட்டது, உள்ளே இருந்த சரக்கு மட்டும் முழுசாக அப்படியே இருக்கிறது. வறுத்த கடலை ஒரு கைப்பிடி சாப்பிட்டால் வெந்த கடலை இரண்டு கைப்பிடிக்கு மேல் சாப்பிட்ட கணக்கு. வெந்த கடலை ஒரு கிண்ணத்தோடு வயிறு "போதும்" என்று சொல்லிவிடும். வறுத்தது அப்படிச் சொல்லாது. டிவி பார்த்துக்கொண்டே கை தன்பாட்டுக்குப் போய்வரும். ஆகவே அளவை எப்போதும் வறுப்பதற்கு முன் எடுங்கள்.

இனி எண்கள். உப்பில்லாமல் வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் பொட்டாசியம் சுமார் 290 மி.கி., பாஸ்பரஸ் சுமார் 170 மி.கி., புரதம் 9 கிராம், நார்ச்சத்து 7 கிராமுக்கு மேல், சோடியம் வெறும் 7 மி.கி. அதில் பாதியை, அதாவது 50 கிராமை, ஒரு வேளைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொட்டாசியம் சுமார் 145 மி.கி., பாஸ்பரஸ் 85 மி.கி., புரதம் நாலரை கிராம். ஒரு பரிமாறலில் 200 மி.கி. அல்லது அதற்குக் கீழே இருந்தால் குறைந்த பொட்டாசிய உணவு என்று கணக்கு வைப்பது வழக்கம். அந்தக் கோட்டுக்குள் இது வந்துவிடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க: 28 கிராம் உருளைக்கிழங்கு சிப்ஸில், அதாவது ஒரு சின்ன பாக்கெட்டில், பொட்டாசியம் 300 மி.கி.க்கு மேல் இருக்கும். உப்பு அதற்கு மேல் தனி.

ஊறவைக்காமல் காய்ந்த கடலையை அப்படியே வறுத்தால் கணக்கு மாறிவிடும். காய்ந்த கொண்டைக்கடலை 100 கிராமில் பொட்டாசியம் 700 மி.கி.யைத் தாண்டும். தண்ணீரையே பார்க்காமல் சூட்டில் வறுபட்ட கடலை அதை முழுக்க வைத்துக்கொண்டிருக்கும். அதில் 50 கிராம் சாப்பிட்டால் 350 மி.கி. உள்ளே போயிற்று. பார்வைக்கு இரண்டும் வறுத்த கடலைதான். ஒன்று தண்ணீரில் குளித்து வந்தது, மற்றது வராதது. உங்கள் அப்பாவுக்குக் குளித்து வந்ததுதான் வேண்டும்.

கடலை, பருப்பு ஆகாது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதில் உண்மை இல்லாமல் இல்லை. முன்பெல்லாம் உணவில் எவ்வளவு பொட்டாசியம், எவ்வளவு பாஸ்பரஸ் என்று அட்டவணையில் பார்த்து, எண் பெரிதாக இருந்ததை எல்லாம் அடித்துவிடுவது வழக்கம். அந்த வரிசையில் பயறு, பருப்பு, கொட்டை எல்லாம் போய்விட்டன. இப்போது பார்வை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2020-இல் அமெரிக்காவின் தேசிய சிறுநீரக அறக்கட்டளை வெளியிட்ட ஊட்டச்சத்து வழிகாட்டுதல், எல்லோருக்கும் ஒரே பொட்டாசிய வரம்பு போடாமல், ரத்தத்தில் பொட்டாசியம் சரியான அளவில் நிற்கும்படி அவரவருக்கு ஏற்ப உணவை மாற்றச் சொல்கிறது. பாஸ்பரஸைப் பற்றிப் பேசும்போது, அது எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்கச் சொல்கிறது.

இந்த "எங்கிருந்து" முக்கியமானது. கொண்டைக்கடலையில் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட் என்ற வடிவத்தில் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் நொதி மனிதக் குடலில் கிட்டத்தட்ட இல்லை. அதனால் தாவரங்களில் இருக்கும் பாஸ்பரஸில் பாதியோ அதற்கும் குறைவோதான் ரத்தத்தில் சேர்கிறது. பதப்படுத்திய உணவில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகள் ஏறக்குறைய முழுதுமாகச் சேர்ந்துவிடும். பாஸ்பேட் சேர்த்துப் பதப்படுத்திய இறைச்சித் துண்டைத் தின்றுவிட்டுக் கடலையைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஒரு சின்ன விஷயம்: முளைகட்டினால் இன்னும் நல்லது என்று சிலர் செய்வார்கள். மற்றவர்களுக்கு நல்லதுதான். ஆனால் முளைவிடும்போது அந்தப் பூட்டு உடைந்து, உடம்பு எடுத்துக்கொள்ளும் பாஸ்பரஸ் கூடுகிறது. பாஸ்பரஸ் ஏறியிருப்பவருக்கு முளைகட்டுவதால் கூடுதல் லாபம் ஏதும் இல்லை.

நார்ச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் தளரும்போது பொட்டாசியத்தின் ஒரு பங்கைப் பெருங்குடல் வெளியேற்றுகிறது. மலச்சிக்கல் இருந்தால் அந்த வழியும் அடைபடும். பொட்டாசியம் கூடிவிட்டது என்று காய், பயறு எல்லாவற்றையும் நிறுத்தி, நான்கு நாள் வயிறு போகாமல் உட்கார்ந்திருந்து, அடுத்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் இன்னும் ஏறிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, செய்முறைக்கு வருவோம். நான்கு வேளைக்கு ஆகும் அளவு சொல்கிறேன். காய்ந்த வெள்ளைக் கொண்டைக்கடலை 100 கிராம், அதாவது அரை கப். கறுப்புக் கடலையிலும் செய்யலாம், தோல் தடிமனாக இருப்பதால் கொஞ்சம் கடினமாக வரும். பல் ஆடுகிறவர்களுக்கு வெள்ளைதான் சரி.

முதல் நாள் இரவே ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறப்போடுங்கள். கடலை முங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். பொட்டாசியம் தண்ணீரில் கரையும் பொருள். தண்ணீர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வெளியே வர இடம் இருக்கும். தூங்கப் போகும் முன் ஒருமுறை தண்ணீரை மாற்ற முடிந்தால் நல்லது, முடியாவிட்டாலும் ஒன்றும் குறைந்துபோகாது. சீக்கிரம் மெத்தென்று ஊற சமையல் சோடா போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. இந்தக் கடலைக்கு வேண்டாம். ஒரு டீஸ்பூன் சோடாவில் 1,200 மி.கி.க்கு மேல் சோடியம் இருக்கிறது. தண்ணீரைக் கொட்டினாலும் கொஞ்சம் கடலையிலேயே தங்கிவிடும்.

காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டி, இரண்டு தடவை அலசுங்கள். பெரிய பாத்திரத்தில் புதுத் தண்ணீர் ஒரு லிட்டர் வைத்து, கொதி வந்து பத்து நிமிடம் ஆனதும் அந்தத் தண்ணீரை முழுதும் வடித்துக் கொட்டிவிடுங்கள். நுரையோடு மஞ்சளாக இருக்கும், பார்த்தாலே தெரியும். மறுபடி சுடுதண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றி, மூடாமலோ பாதி மூடியோ வேகவிடுங்கள். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். இரண்டாவது தடவைக்குக் குக்கரும் வைக்கலாம், குக்கரின் அளவுக்கு மேல் போகாமல் தண்ணீரை மட்டும் தாராளமாக வையுங்கள். உப்பு இப்போது வேண்டவே வேண்டாம்.

விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் தானாகக் குழையக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் சூடாக இருக்கும்போதே வடிதட்டில் கொட்டிவிடுங்கள். வெந்த தண்ணீரிலேயே ஆறவிட்டால், வெளியே வந்த பொட்டாசியத்தில் ஒரு பங்கு கடலைக்குள்ளேயே திரும்பிப் போய்விடும். வெந்த தண்ணீரில் சத்து இருக்கிறது என்று ரசத்திலோ சூப்பிலோ ஊற்றுவது மற்றவர்களுக்குச் சரி. பொட்டாசியம் குறைக்க வேண்டியவருக்கு அந்தச் "சத்து"தான் வில்லன்.

டின் கடலையைப் பற்றி ஒரு வார்த்தை. டின் என்றாலே கெடுதல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பொட்டாசியக் கணக்கில் டின் கடலை ஜெயிக்கிறது! வடித்து அலசிய டின் கடலை 100 கிராமில் பொட்டாசியம் 110 முதல் 130 மி.கி. வரைதான், வீட்டில் சாதாரணமாக வேகவைத்ததில் பாதிகூட இல்லை. காரணம் எளிது. டப்பாவுக்குள் பல மாதம் தண்ணீரிலேயே கிடக்கிறது, பொட்டாசியம் நிதானமாக அந்தத் தண்ணீருக்குப் போய்விடுகிறது. கெடுதல் அதில் இருக்கும் உப்பு. வடித்து, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசினால் சோடியம் ஏறக்குறைய 40 சதவீதம் குறையும், அப்படியும் 100 கிராமுக்கு 200 மி.கி.க்கு மேல் மிஞ்சும். உப்பு சேர்க்காத டின் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். ஊறவைக்க மறந்துபோன நாளில் நானே அதைத்தான் எடுப்பேன். டின்னுக்குள் இருக்கும் கொழகொழத் தண்ணீர் மட்டும் நேரே சிங்க்கில் போக வேண்டும்.

இப்போது உலர்த்துவது. எல்லோரும் அவசரப்படும் இடம் இதுதான். ஈரக் கடலையை ஓவனில் வைத்தால் முதல் இருபது நிமிடம் அது வறுபடாது, ஆவியில் வேகும். பிறகு வெளியே கருகி, உள்ளே மாவாக இருக்கும். ஒரு பருத்தித் துணியை விரித்து, கடலையைப் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு உள்ளங்கையால் மெதுவாக உருட்டுங்கள். தோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று துணியில் ஒட்டும். கழன்றதை எடுத்துவிடுங்கள், கழலாததை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு உட்கார வேண்டாம், ஆயுசு போய்விடும். பிறகு மேல்துணியை எடுத்துவிட்டு அரை மணி நேரம் காற்றாடவிடுங்கள். கையில் எடுத்தால் பளபளப்பு போய், தோல் கொஞ்சம் சுருங்கி, மங்கலாக இருக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் தராசை எடுக்க வேண்டும். 100 கிராம் காய்ந்த கடலை இப்போது 200 கிராமைச் சுற்றி நிற்கும். நான்காகப் பிரித்தால் ஒரு பங்கு 50 கிராம். தராசு இல்லை என்றால் எண்ணிக்கொள்ளுங்கள், பெரிய வெள்ளைக் கடலையாக இருந்தால் 50, 60 மணிகள் ஒரு பங்குக்கு வரும். ஒருவர் அதைத் தினமும் எண்ணியே சாப்பிட ஆரம்பித்துவிட்டார், எண்ணுவதில் நேரம் போய்ப் பசியே அடங்கிவிடுகிறது என்றார்.

ஓவனை 200 டிகிரி செல்சியஸில் சூடாக்கிக்கொள்ளுங்கள். கடலையை இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் புரட்டி, தட்டில் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். 30 முதல் 40 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டைக் குலுக்குங்கள். ஆரம்பத்தில் தொப்தொப்பென்று சத்தம் வரும். முடியும் தறுவாயில் கூழாங்கல்லைக் குலுக்கியதுபோல் கலகலவென்று வரும். அந்தச் சத்தம் கேட்டதும் ஒன்றை எடுத்து ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள். சூட்டில் கடித்துப் பார்த்தால் தப்பாகத் தெரியும், ஆறினால்தான் உண்மையான பதம். உள்ளே இன்னும் மெத்தென்று இருந்தால் ஓவனை அணைத்துவிட்டு, கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, பதினைந்து இருபது நிமிடம் உள்ளேயே விடுங்கள். கடைசி ஈரம் அந்த மிச்சச் சூட்டில் போய்விடும்.

ஏர் ஃப்ரையர் இருந்தால் 190 டிகிரியில் 15 நிமிடம் போதும், நடுவில் இரண்டு தடவை குலுக்குங்கள். இரண்டும் இல்லையா? அடிகனமான இரும்பு வாணலியில், சிறு தீயில், கிளறிக்கொண்டே 25, 30 நிமிடம். கை வலிக்கும். ஆனால் வாணலியில் வறுத்ததன் மணம் ஓவனில் வராது, இது என் சொந்தக் கட்சி.

உப்புக்கு வருகிறேன். இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், ஏனென்றால் இந்தப் பலகாரம் கிட்னிக்கு நல்லதா கெட்டதா என்பதை முடிவு செய்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு டீஸ்பூன் உப்பில் சுமார் 2,300 மி.கி. சோடியம். சிறுநீரக நோய்க்கான கேடிகோ (KDIGO) என்ற சர்வதேச அமைப்பின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நாள் முழுதுக்கும் சோடியம் 2,000 மி.கி.க்குள் இருக்கச் சொல்கிறது. அதாவது எல்லா வேளையும் சேர்த்து 5 கிராம் உப்புக்குள். இந்த நான்கு பங்குக் கடலைக்கு அரை டீஸ்பூன் உப்புப் போட்டால் பங்குக்கு 290 மி.கி. சோடியம் வரும். கொறிக்கிற பொருளுக்கு அது அதிகம். எட்டில் ஒரு பங்கு டீஸ்பூன் போட்டால், அதாவது இரண்டு விரலால் எடுக்கிற இரண்டு சிட்டிகை, பங்குக்கு 70 மி.கி. சுற்றித்தான். அது போதும். நம்பிக்கை இல்லாவிட்டால் இப்படிச் செய்து பாருங்கள்: உப்பை மிக்ஸியில் பவுடராக அரைத்து, கடலை வறுபட்டு முடிந்து வெளியே வந்த பிறகு, சூட்டோடு மேலே தூவுங்கள். உள்ளே ஊறிய உப்பு நாக்குக்குச் சரியாகத் தெரியாது, மேலே ஒட்டியது முதல் கடியிலேயே தெரியும். அதே உப்பு இரண்டு மடங்காகத் தோன்றும்.

இன்னொன்று, இது ஆபத்தானது. "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கும் பாக்கெட். ஒரு அம்மா சாப்பாட்டில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார், பொட்டாசியம் மட்டும் இறங்கவே இல்லை. இரண்டு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் சமையலில் என்னென்ன போடுகிறீர்கள், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றேன். பையிலிருந்து அந்த உப்பு பாக்கெட் வந்தது. பிபி-க்கு நல்லது என்று யாரோ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சோடியத்தைக் குறைக்க அந்த உப்புகளில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. முழுக்கப் பொட்டாசியம் குளோரைடாக இருக்கும் வகையில் கால் டீஸ்பூனிலேயே பொட்டாசியம் 600 மி.கி.க்கு மேல். கடலையை இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டி, பிறகு இதைத் தூவினால் செய்ததெல்லாம் வீண். உங்கள் அப்பாவின் பொட்டாசியம் 5.2 என்றீர்கள், முதலில் வீட்டு உப்பு டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

உப்பு குறைந்த இடத்தை நிரப்பப் புளிப்பு, காரம், மணம் மூன்றும் இருக்கின்றன. மிளகுத்தூள், வறுத்துப் பொடித்த சீரகம், மிளகாய்த்தூள், பூண்டுப் பொடி எல்லாம் போடலாம். மசாலாப் பொடிகளில் பொட்டாசியம் அதிகம் என்று எங்கோ படித்துவிட்டுப் பயந்து கேட்பார்கள். 100 கிராமுக்குப் பார்த்தால் அதிகம்தான், ஆனால் 100 கிராம் மிளகாய்த்தூளை யார் சாப்பிடப் போகிறார்கள்? அரை டீஸ்பூனில் 25 மி.கி. கிட்டத்தான் வரும், அதுவும் நான்கு பங்குக்கு. பார்க்க வேண்டியது கலவைப் பொடிகளை. பூண்டுப் பொடி வேறு, பூண்டு உப்பு வேறு. கடையில் தயாராக விற்கும் தூவல் மசாலாக்கள் பெரும்பாலானவற்றில் முதல் இரண்டு மூன்று பொருளுக்குள் உப்பு இருக்கும். தக்காளிப் பொடியும் வேண்டாம், அதில் பொட்டாசியம் செறிந்து கிடக்கும்.

பொடிகளை வறுத்து முடித்த பிறகே போடுங்கள். முதலிலேயே போட்டால் மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும். ஆனால் கடலை ஆறிய பிறகு போட்டால் ஒட்டாது. ஓவனிலிருந்து எடுத்த அரை நிமிடத்துக்குள், எண்ணெய் இன்னும் மினுமினுவென்று இருக்கும்போது, ஒரு கிண்ணத்தில் கொட்டிப் பொடியைத் தூவிக் குலுக்குங்கள். புளிப்புக்கு எலுமிச்சைச் சாறு ஊற்றினால் கடலை நமத்துவிடும், அதனால் சாற்றைச் சாப்பிடும் நேரத்தில் நாலு சொட்டு பிழியுங்கள், அல்லது தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் துருவி பொடியோடு கலந்துவிடுங்கள். இன்னொரு வழி, வடித்த கடலையை உலர்த்துவதற்கு முன் ஒரு மேசைக்கரண்டி வினிகரில் புரட்டிவிடுவது. புளிப்பு உள்ளே ஏறிவிடும், உப்புக் குறைவாக இருப்பது நாக்குக்கே தெரியாது. எனக்குப் பிடித்தது இதுதான், மேலே மிளகு மட்டும்.

எண்ணெயையும் சேர்த்தால் ஒரு பங்குக்கு 100 கலோரியைச் சுற்றி வரும். சர்க்கரை நோயும் இருந்தால் இது நல்ல தேர்வு, ரத்தச் சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றும். அதே காரணத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்த்துக் கொட்டும் நேரத்தில் இதைக் கொடுக்காதீர்கள், அப்போது வேகமாக ஏற்றும் பொருள்தான் வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும், எல்லாச் சிறுநீரக நோயாளியும் ஒன்றல்ல. 3-ஆம் நிலையில், டயாலிசிஸ் இல்லாமல் இருப்பவருக்குப் புரதத்தை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் வைப்பது வழக்கம். 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 48 கிராம். இந்தக் கடலையின் நாலரை கிராமும் அந்தக் கணக்குக்குள்ளேதான். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் பருப்பு இருந்தால் அதைக் கொஞ்சம் குறையுங்கள். டயாலிசிஸ் செய்பவருக்குப் புரதம் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும், அவர்களுக்கு இந்தப் புரதம் வரவு. ஆனால் பொட்டாசியமும் பாஸ்பரஸும் அவர்களுக்கு இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் 50 கிராம் பங்கைக்கூட அவர்களது டயட்டீஷியனிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். பாஸ்பரஸைக் கட்டும் மாத்திரை சாப்பிடுபவர்கள், இடைப்பலகாரத்தோடும் அதைப் போட வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் அளவு கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு உப்புக் கடலை எதிரி: தாகம் எடுக்கும், தண்ணீர் குடிப்பார்கள், எடை ஏறும்.

பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டியிருக்கும் வாரத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம், கடலை உட்பட. டாக்டர் அதைச் சரிசெய்யட்டும். 5.2 என்பது எச்சரிக்கை மணி அடிக்கிற இடம். பிபி-க்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும், ரத்தத்தில் அமிலம் கூடுவதும் பொட்டாசியத்தை ஏற்றும். பழி எப்போதும் தட்டின் மேல் இல்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கேளுங்கள். இந்தக் கடலையை வாரம் இரண்டு மூன்று நாள் கொடுத்துப் பார்த்து, அடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, பிறகு கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

சிறுநீரகக் கல் இருப்பவர்களும் "கிட்னிக்கு நல்லதா" என்று கேட்பார்கள், அது வேறு கதை. அவர்களுக்குப் பொதுவாகப் பொட்டாசியம் பிரச்சினை இல்லை, தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். அவர்களுக்கும் உப்பு மட்டும் பொதுவான எதிரி, ஏனென்றால் சோடியம் கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும்.

கடையில் பாக்கெட்டில் வாங்கலாமா என்றால், நேரமில்லாத நாளில் வாங்கலாம், பின்பக்கத்தைப் படித்துவிட்டு. பொருள் பட்டியலில் "பாஸ்பேட்" என்று முடியும் எந்தச் சொல்லும், பொட்டாசியம் குளோரைடும் இருக்கக் கூடாது. எண்களாகப் போட்டிருந்தால் 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரை உள்ளவை பாஸ்பேட் குடும்பம், 508 என்பது பொட்டாசியம் குளோரைடு. சோடியத்தை 100 கிராமுக்குப் பார்க்காமல் நீங்கள் சாப்பிடப் போகும் அளவுக்குக் கணக்குப் போடுங்கள். எந்த வழியில் வறுத்தார்கள், முதலில் ஊறவைத்து வேகவைத்தார்களா என்பது பெரும்பாலும் பாக்கெட்டில் இருக்காது, அதனால் பாக்கெட் கடலையைப் பாதிப் பங்காக (50 கிராம் வெந்த கடலை வறுத்தால் 25 கிராமைச் சுற்றி வரும், அதில் பாதி), 12 கிராம் அளவில் நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

வைத்திருப்பதுதான் கடைசி. வறுத்த அன்று கடகடவென்று இருக்கும், மறுநாள் டப்பாவைத் திறந்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். பெரும்பாலும் காரணம், சூடாக இருக்கும்போதே டப்பாவில் போட்டு மூடியது. முழுக்க ஆற ஒரு மணி நேரம் விடுங்கள். மையத்தில் மிஞ்சிய ஈரம் மெல்ல மேலே வரும் என்பதால், இறுக்கமான டப்பாவைவிட துணியால் வாய் கட்டிய கண்ணாடிப் பாட்டில் முதல் இரண்டு நாளுக்கு மொறுமொறுப்பைக் காப்பாற்றும். காற்றில் ஈரம் அதிகம் உள்ள ஊராக இருந்தால் இது எடுபடாது, இறுக்கமான டப்பாதான். மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள், அதனால்தான் அளவை நான்கு பங்கோடு நிறுத்தினேன். நமத்துப் போயிருந்தால் 180 டிகிரியில் ஐந்து நிமிடம், அல்லது வாணலியில் ஒரு புரட்டு புரட்டினால் திரும்ப வந்துவிடும்.

டப்பாவை அப்படியே அப்பா கையில் கொடுத்துவிடாதீர்கள். வறுத்து ஆறியதும் நான்கு சின்னக் கிண்ணமோ காகிதப் பொட்டலமோ செய்து, கொடுக்கும் சாயங்காலத்துக்கு ஒன்று; மிஞ்சினால் வீட்டில் மற்றவர்களுக்கு. கிண்ணம் சின்னதாக இருக்கட்டும். 25 கிராம் கடலை பெரிய கிண்ணத்தில் அடியில் கிடந்தால் "இவ்வளவுதானா?" என்று கேட்பார். டீ டம்ளர் அளவுக் கிண்ணத்தில் போட்டால் அதுவே நிறைந்து தெரியும்.